ஆக்சலாட்டல் குஞ்சு வளர்ப்பின் வரலாறு

ஆக்சலாட்டல் மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த ஒரு நீர்நில வாழ்வி. தவளைக்கும் தேரைக்கும் உறவான சாலமாண்டர் இனத்தில் ஒன்று. இதன் அறிவியல் பெயர் அம்பிஸ்டோமா மெக்சிகானம். நான்கு கால்களும் மீனின் வாலும் தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்த செவுள்களும் கொண்டது. இதனால் இதை 'நடக்கும் மீன்' என்றும் சொல்வதுண்டு. ஆனால் இது மீன் அல்ல.

இன்று இந்த உயிர் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீட்டு மீன்தொட்டிகளிலும் பெருமளவில் வாழ்கிறது. இயற்கையில் இதற்கு எஞ்சியிருப்பது மெக்சிகோ நகரத்தின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ கால்வாய்கள் மட்டுமே. அங்கே இது அழிவின் விளிம்பில் நிற்கிறது. தொட்டியில் பெருகும் உயிர் ஏரியில் ஏன் மறைகிறது என்பதை அறிய, முதன்முதலில் இதன் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தவர்களின் வரலாற்றை அறிய வேண்டும். அந்த வரலாறு பாரிஸ் நகரத்தில் தொடங்குகிறது. புதுச்சேரியின் பல்லியும் தவளையும் பெயர் பெற்ற அறிவியல் மரபும் அதுவே.

பெயரும் பழைய குறிப்புகளும்

மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டல் மொழியில் 'ஆட்ல்' என்றால் நீர். 'ஷோலோட்ல்' என்பது அவர்களுடைய தெய்வங்களில் ஒன்றின் பெயர். இவ்விரண்டும் சேர்ந்ததே ஆக்சலாட்டல். ஸ்பானியர் வருவதற்கு முன்பே ஏரிக்கரை மக்கள் இதை உணவாக உண்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெக் மக்களின் வாழ்க்கையைத் தொகுத்து எழுதிய பெர்னார்டினோ டி சாகாகுன் என்ற பாதிரியார் இதைத் தம் நூலில் குறித்திருக்கிறார். 1798இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்சிகோவில் பயணம் செய்த அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட், பதப்படுத்திய ஆக்சலாட்டல்களைப் பாரிசுக்குக் கொண்டு வந்தார். அங்கிருந்த உடற்கூறு அறிஞர் ஜார்ஜ் குவியே அவற்றை அறுத்து ஆராய்ந்தார். அதன் எலும்பும் செவுளும் முழு வளர்ச்சி பெற்ற விலங்கினுடையவை போல அவருக்குத் தோன்றவில்லை. இன்னும் கண்டறியப்படாத ஏதோ ஒரு பெரிய சாலமாண்டரின் இளம் பருவமாக இது இருக்கலாம் என்று கருதினார். ஆனால் அந்தப் பெரிய சாலமாண்டரை யாரும் பார்த்ததில்லை.

புதுச்சேரியுடன் உள்ள தொடர்பு

குவியேயின் 'விலங்குலகம்' என்னும் நூலின் இரண்டாம் பதிப்பு 1829இல் வெளிவந்தது. ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்விகளையும் பற்றிய பகுதியில் ஆக்சலாட்டல் ஐயத்துடன் இடம்பெற்றது. அதே பகுதியில் புதுச்சேரியின் பெயர் தாங்கிய ஒரு பல்லியும் உலகுக்கு அறிமுகமானது. ஆண் பல்லி தன் கழுத்தடித் தோலை விசிறிபோல் விரித்துக் காட்டும் அந்த ஓணான் வகைக்கு 'சிட்டானா பாண்டிசெரியானா' என்று பெயர் வைத்தார் குவியே. புதுச்சேரியைச் சுற்றியுள்ள செம்மண் வெளிகளிலும் முட்புதர்க் காடுகளிலும் வாழும் உயிர் அது.

இது தற்செயலாக நடந்தது அல்ல. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்களிலிருந்து செடிகளும் விலங்குகளும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் தொடர்ந்து சென்றுகொண்டிருந்தன. 1816இல் புதுச்சேரிக்கு வந்த லெஷனோ டி லா தூர் அவ்வாறு அனுப்பியவர்களில் முக்கியமானவர். 1834இல் ரெனே லெசோன் விவரித்த ஆறுவிரல் பச்சைத் தவளைக்கும் மூல இடம் புதுச்சேரியே. நம் ஏரிகளிலும் குளங்களிலும் நீர்ச்செடிகளுக்கு இடையே மிதந்து கிடக்கும் பெரிய பச்சைத் தவளை அது.

ஆக, ஒரே அருங்காட்சியகத்தின் அலமாரிகளில் புதுச்சேரித் தவளையும் மெக்சிகோ ஆக்சலாட்டலும் கண்ணாடிக் குப்பிகளில் இருந்தன. இரண்டும் உயிரற்றவை. உயிரோடு ஆக்சலாட்டல் பாரிசுக்கு வர ஒரு போர் காரணமானது.

1864: ஆறு விலங்குகள்

பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1860களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் மீது படையெடுத்தார். 1863இல் பிரெஞ்சுப் படை மெக்சிகோ நகரத்தைக் கைப்பற்றியது. படையுடன் சென்றவர்கள் அங்கிருந்து அனுப்பிய பொருள்களில் 34 உயிருள்ள ஆக்சலாட்டல்களும் இருந்தன. அவை பாரிசில் இருந்த 'ஜார்தான் தாக்ளிமதாசியோன்' என்னும் தோட்டத்துக்கு வந்தன. வெளிநாட்டு விலங்குகளையும் செடிகளையும் பிரான்சின் தட்பவெப்பத்துக்குப் பழக்கிப் பயன்கொள்வதற்காக 1860இல் திறக்கப்பட்ட தோட்டம் அது.

1864இல் அவற்றில் ஆறு மட்டும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டன. ஐந்து ஆண், ஒன்று பெண். அவற்றைப் பெற்றுக்கொண்டவர் அங்கே ஊர்வன பற்றிய துறைக்குப் பொறுப்பாக இருந்த ஒகுஸ்த் துமேரில். இவருடைய தந்தை ஆந்த்ரே துமேரிலும் புகழ்பெற்ற விலங்கியலாளர். இந்தியாவில் வாழும் பலூன் தவளைகளின் பேரினத்துக்கு 'உபெரோடோன்' என்ற பெயரை 1841இல் கொடுத்தவர்களில் ஒருவர்.

1865ஆம் ஆண்டு சனவரியில் அந்த ஒரே பெண் ஆக்சலாட்டல் முட்டையிட்டது. செவுள் உள்ள இளம் பருவமென்று குவியே எண்ணிய உயிர் இனப்பெருக்கம் செய்துவிட்டது. ஆகவே இதுவே முழு வளர்ச்சி பெற்ற வடிவம் என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. துமேரில் முட்டைகளைத் தனியே எடுத்து வளர்த்தார். குஞ்சுகள் பொரிந்து, கால் முளைத்து, சில மாதங்களில் பெற்றோரின் அளவை நெருங்கின.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. குஞ்சுகளில் சிலவற்றின் செவுள்கள் சுருங்கத் தொடங்கின. வாலின் மேலிருந்த துடுப்பு மறைந்தது. கறுத்த தோலில் மஞ்சள் புள்ளிகள் தோன்றின. சில வாரங்களில் அவை நீரை விட்டு வெளியே வாழும் சாலமாண்டர்களாக மாறிவிட்டன. பெற்றோர் ஆறும் செவுளோடு அப்படியே இருந்தன.

குவியே எண்ணியது ஒரு வகையில் சரிதான். ஆக்சலாட்டல் இளம் பருவத்திலேயே நின்றுவிட்ட சாலமாண்டர். ஆனால் அந்த இளம் பருவத்திலேயே அது இனப்பெருக்கமும் செய்யும். இந்தத் தன்மை பின்னர் 'இளமை நீட்சி' என்று அழைக்கப்பட்டது. அறிஞர்கள் 60 ஆண்டுகளாக விடை காணாத கேள்விக்கு, குஞ்சுகளை நாள்தோறும் பார்த்து வளர்த்ததால் விடை கிடைத்தது.

துமேரில் தம் குஞ்சுகளையும் முட்டைகளையும் ஐரோப்பாவின் பல ஆய்வாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். அவர் 1870 நவம்பரில் காலமானார். அப்போது பிரஷ்யப் படைகள் பாரிசை முற்றுகையிட்டிருந்தன. பட்டினியில் வாடிய நகரத்தில் தோட்டத்து விலங்குகள் பலவும் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டன. ஆனால் அதற்குள் ஆக்சலாட்டலின் வழித்தோன்றல்கள் வேறு நகரங்களில் பெருகியிருந்தன. ஆய்வுக்கூடத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு வரும் விலங்குகளில் மிகப் பழையது ஆக்சலாட்டல் என்று சொல்லப்படுகிறது.

உருமாற்றத்தின் காரணம்

சில குஞ்சுகள் மட்டும் ஏன் மாறின என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில் மரீ ஃபோன் ஷோவான் என்ற பெண்மணி 1870களில் இதை ஆராய்ந்தார். தொட்டியின் நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, விலங்குகளைக் காற்றைச் சுவாசிக்கப் பழக்கினார். மிகுந்த பொறுமை வேண்டிய அந்த வேலையில் அவர் வெற்றி பெற்றார். அவர் வளர்த்த ஆக்சலாட்டல்கள் தரை வாழ்வுக்கு மாறின.

1913இல் பிராக் நகரில் வில்லெம் லாஃப்பெர்கர், விலங்குகளின் தைராய்டு சுரப்பியை ஆக்சலாட்டலுக்கு உணவாகக் கொடுத்தார். அது உருமாறியது. 1920இல் ஆங்கிலேய அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி இதே சோதனையைச் செய்தபோது செய்தித்தாள்கள் அதைப் பரபரப்பாக வெளியிட்டன. தவளையின் தலைப்பிரட்டை வாலை இழந்து கரையேறவும் தைராய்டு சுரப்புநீரே காரணம். ஆக்சலாட்டலின் உடலில் அந்தத் தூண்டுதல் போதிய அளவில் எழுவதில்லை. எனவே அது வாழ்நாள் முழுதும் நீரிலேயே தங்கிவிடுகிறது.

முட்டை முதல் முழு வளர்ச்சி வரை

பெண் ஆக்சலாட்டல் ஒரு முறைக்குச் சில நூறு முட்டைகள் இடும். ஆயிரம் வரை போவதும் உண்டு. ஒவ்வொரு முட்டையையும் பசைபோன்ற கூழ் உறை சூழ்ந்திருக்கும். அவை நீர்ச்செடிகளின் இலைகளிலும் தண்டுகளிலும் ஒட்டிக்கொள்ளும். உறை கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் உள்ளே நடப்பதை வெறும் கண்ணாலும் உருப்பெருக்கிக் கண்ணாடியாலும் பார்க்கலாம். உருண்டையாக இருந்த முட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளவுபடும். சில நாட்களில் முதுகுப்புறத்தில் ஒரு பள்ளம் விழுந்து மடிந்து மூடிக்கொள்ளும். அதுவே மூளையும் தண்டுவடமும் ஆகும். கருவளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் ஆக்சலாட்டலை விரும்பியதற்கு இந்தத் தெளிவு ஒரு முக்கியக் காரணம்.

ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் இரண்டு அல்லது மூன்று வாரங்களில் குஞ்சு பொரிந்து வெளிவரும். அப்போது அதன் நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். கால்கள் இருக்காது. வயிற்றில் எஞ்சிய மஞ்சள் கருவே முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உணவு. அதன் பிறகு அசையும் உயிருள்ள இரைதான் வேண்டும். அசையாத உணவைக் குஞ்சு உணவென்று அறியாது. ஆகவே வளர்ப்பவர்கள் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா இறால் குஞ்சுகளையும் டாப்னியா என்னும் நீர்த்தெள்ளுகளையும் கொடுக்கிறார்கள். குஞ்சு வளர வளர சிறு புழுக்களும் பின்னர் மண்புழுவும் உணவாகும்.

கால்கள் முளைக்கும் முறையில் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்கலாம். நம் ஊர்க் குளத்துத் தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால்களே முதலில் வெளியே தெரியும். ஆக்சலாட்டல் குஞ்சுக்கு முன்னங்கால்கள் முதலில் வரும், பின்னங்கால்கள் பிறகு வரும். தலைப்பிரட்டைக்குச் செவுள் தோலுக்குள் மறைந்துவிடும். ஆக்சலாட்டலுக்கு அது வெளியிலேயே நிற்கும்.

முன்னங்கால் முளைக்கும் காலமே வளர்ப்பவருக்குச் சோதனையான காலம். நெருக்கமாக இருக்கும் குஞ்சுகள் பக்கத்தில் அசைவதை எல்லாம் கவ்வும். ஒன்றின் காலை மற்றொன்று கடித்துவிடும். எனவே அளவு வாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பாத்திரங்களில் விடுவது வழக்கம். கடிபட்ட கால் சில வாரங்களில் எலும்பு, தசை, நரம்பு, விரல் அனைத்தோடும் மீண்டும் வளர்ந்துவிடும். கால் மட்டுமின்றி வால், தண்டுவடம், இதயத்தின் ஒரு பகுதி ஆகியவற்றையும் ஆக்சலாட்டல் மீட்டுக்கொள்ளும். உலகின் ஆய்வுக்கூடங்கள் இன்று இந்த உயிரை வளர்ப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். 2018இல் இதன் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 3,200 கோடி எழுத்துகள் உள்ளன. மனிதருடையதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

ஒரு வயதை ஒட்டி ஆக்சலாட்டல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். முழு வளர்ச்சியில் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நல்ல பராமரிப்பில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழும்.

நிறம் தோன்றும் விதம்

சோச்சிமில்கோவின் ஆக்சலாட்டல் கரும்பழுப்பு நிறம் கொண்டது. சேற்றின் நிறம் அது. மேலே ஆலிவ், பொன் நிறப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். ஆனால் படங்களிலும் பொம்மைகளிலும் மீன்தொட்டிகளிலும் பெரும்பாலும் நாம் பார்ப்பது வெளிர் இளஞ்சிவப்பு உடலும் கறுப்புக் கண்ணும் உள்ள ஆக்சலாட்டல். இந்த நிறம் 1860களில் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்கு வந்த கூட்டத்தில் இருந்த ஒரு வெள்ளை ஆணிலிருந்து வந்தது என்று கருதப்படுகிறது.

நிறம் எப்படி உருவாகிறது என்பதைக் குஞ்சின் வளர்ச்சியிலேயே காணலாம். கருவின் முதுகில் நரம்புக்குழாய் மூடும் இடத்தில் 'நரம்பு முகடு' என்னும் உயிரணுக்கள் தோன்றுகின்றன. இவை அங்கிருந்து புறப்பட்டு உடல் முழுதும் பரவுகின்றன. இவற்றில் சில கறுப்பு நிறமி உள்ளவை, சில மஞ்சள் நிறமி உள்ளவை, சில ஒளியை மின்னச் செய்பவை. மூன்றும் கலந்தால் இயற்கை நிறம் கிடைக்கும்.

வெள்ளை ஆக்சலாட்டலில் நிறமி உருவாக்கும் திறன் கெடவில்லை. நிறமி உயிரணுக்கள் முதுகை விட்டு உடலெங்கும் பரவ முடியாமல் போகின்றன, அவ்வளவே. அதனால்தான் அதன் குஞ்சுகளுக்குத் தலையிலும் முதுகிலும் மட்டும் கரும்புள்ளிகள் இருக்கும். கண்ணின் விழித்திரை நிறமி நரம்பு முகட்டிலிருந்து வருவதில்லை, மூளையின் பகுதியிலிருந்தே உண்டாகிறது. ஆகவே உடல் வெளுத்தாலும் கண் கறுப்பாகவே இருக்கிறது. தோலின் வழியே இரத்தம் தெரிவதால் செவுள்கள் சிவந்து காணப்படுகின்றன.

வெண்தோல் எனப்படும் 'அல்பினோ' வகை வேறு. அதில் கறுப்பு நிறமியே உண்டாவதில்லை. எனவே கண்ணும் வெளிறியிருக்கும். 1960களில் அமெரிக்க ஆய்வாளர் ரூஃபஸ் ஹம்ப்ரி, அல்பினோவாக இருந்த ஒரு புலிச் சாலமாண்டரின் மரபை ஆக்சலாட்டலோடு கலந்து இந்த வகையை உண்டாக்கினார். இன்று தொட்டிகளில் காணும் பொன்னிற ஆக்சலாட்டல்கள் அந்தக் கலப்பின் வழி வந்தவை. அதாவது அவற்றில் இன்னொரு சாலமாண்டர் இனத்தின் பங்கும் உண்டு. ஹம்ப்ரி 1957இல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குத் தம்மோடு கொண்டுவந்த ஆக்சலாட்டல் கூட்டம் பின்னர் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டு இன்றும் ஆய்வாளர்களுக்குக் குஞ்சுகளை வழங்கி வருகிறது.

வெள்ளை நிறம் மெண்டலின் விதிப்படி மறைந்து நிற்கும் பண்பு. வெள்ளை மரபைத் தாங்கிய இரு கரும்பழுப்பு ஆக்சலாட்டல்கள் இணைந்தால், குஞ்சுகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வெள்ளையாக இருக்கும். முட்டை கறுப்பாக இருந்தாலும் குஞ்சு வெள்ளையாகலாம். முட்டையின் நிறம் தாய் கொடுத்தது, குஞ்சின் நிறம் பெற்றோர் இருவரின் மரபிலிருந்து பின்னர் வருவது. பொரிந்த நாளில் ஒன்றுபோல் தெரியும் குஞ்சுகள் சில வாரங்களில் தனித்தனி நிறம் காட்டத் தொடங்குவது இதனால்தான்.

ஏரியில் நடந்தது

ஆஸ்டெக் தலைநகரைச் சூழ்ந்திருந்த ஏரிகள் ஸ்பானியர் ஆட்சியிலும் அதன் பிறகும் வடிக்கப்பட்டன. சால்கோ ஏரியில் இருந்த ஆக்சலாட்டல்கள் மறைந்தன. எஞ்சிய சோச்சிமில்கோவில் 'சினாம்பா' என்னும் மிதவை போன்ற விளைநிலங்களும் அவற்றுக்கு இடையே கால்வாய்களும் உள்ளன. 1987இல் அது உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நகரத்தின் கழிவுநீர் கால்வாய்களில் கலந்தது. உணவுக்கென்று விடப்பட்ட திலேப்பியாவும் கெண்டையும் பெருகி ஆக்சலாட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன.

1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 ஆக்சலாட்டல்கள் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2008இல் அது 100 ஆனது. 2014 கணக்கெடுப்பில் 36 மட்டுமே. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சாம்பிரானோவும் அவருடைய குழுவினரும் சினாம்பா விவசாயிகளோடு சேர்ந்து, அயல் மீன்கள் நுழைய முடியாதபடி வடிகட்டித் தடுப்புகள் வைத்த கால்வாய்களை உருவாக்கி வருகிறார்கள். கூண்டில் வளர்த்த 18 ஆக்சலாட்டல்களை விடுவித்து அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்ததில், கண்காணித்த காலம் முழுதும் அவை உயிர் பிழைத்தன என்று 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மெக்சிகோவில் 2021இல் வெளியான 50 பெசோ நோட்டில் ஆக்சலாட்டலின் படம் இடம்பெற்றது.

மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ ஏரியில் இதன் நெருங்கிய உறவான 'அச்சோக்கே' வாழ்கிறது. அதன் அறிவியல் பெயர் அம்பிஸ்டோமா துமேரிலி. பாரிசில் குஞ்சு வளர்த்த துமேரிலின் பெயர் அது. அந்த ஊரின் டொமினிக்கன் கன்னியர் மடத்தில் அருட்சகோதரிகள் இந்த உயிரைத் தொட்டிகளில் வளர்த்துக் காத்து வருகிறார்கள். மடத்தில் மரபாகத் தயாரிக்கும் இருமல் மருந்துக்காகத் தொடங்கிய வளர்ப்பு, இன்று அந்த இனத்துக்கே பாதுகாப்பாகியுள்ளது.

நம் ஊரில் வளர்ப்போர் அறிய வேண்டியவை

தமிழகத்திலும் புதுச்சேரியிலும் இயற்கையாகச் சாலமாண்டர்கள் இல்லை. இந்தியாவில் டார்ஜிலிங் போன்ற இமயமலைப் பகுதிகளில் அவை உள்ளன. ஆக்சலாட்டலுக்கு 16 முதல் 18 பாகை வரையிலான குளிர்ந்த நீர் ஏற்றது. 24 பாகையைத் தாண்டினால் உணவு மறுக்கும், நோய்ப்படும். கோடையில் 35 பாகையைத் தாண்டும் புதுச்சேரி நகரத்தில், தட்டாஞ்சாவடி போன்ற நெருக்கமான பகுதியில் ஒரு வீட்டின் அறைக்குள் இதை வைக்க வேண்டுமென்றால், நீரைக் குளிர்விக்கும் கருவி ஆண்டு முழுதும் ஓட வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றாலும் ஆபத்து. பத்தாண்டுப் பொறுப்பு இது. நூற்றுக்கணக்கில் பொரியும் குஞ்சுகளுக்கு அந்தப் பொறுப்பு நூறு மடங்கு.

சட்டமும் உண்டு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டல் இடம்பெற்றுள்ளது. 2022இல் திருத்தப்பட்ட இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், இந்த உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள உயிரினங்களைத் தன் நான்காம் அட்டவணையில் சேர்த்தது. அத்தகைய உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டிய விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியிடப்பட்டன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ குளத்திலோ விடுவது தவறு. நம் வெயிலில் அது பிழைக்காது. அது கொண்டுவரும் பூஞ்சையும் கிருமியும் நம் தவளைகளைத் தாக்கக்கூடும். சோச்சிமில்கோவில் ஆக்சலாட்டல் குறைந்ததற்கு வெளியிலிருந்து வந்த மீனும் ஒரு காரணம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நீர்நில வாழ்வியின் வளர்ச்சியைப் பார்க்க விரும்பும் மாணவருக்கு ஆக்சலாட்டல் கட்டாயம் இல்லை. மழைக்காலத்தில் ஊசுட்டேரிக் கரையிலும் வயல் வாய்க்கால்களிலும் தலைப்பிரட்டைகள் திரளும். வால் குறைவதையும் கால் வருவதையும் தோல் நிறம் மாறுவதையும் அவை இருக்கும் இடத்திலேயே நாள்தோறும் சென்று குறித்து வரலாம். 1834இல் புதுச்சேரியிலிருந்து விவரிக்கப்பட்ட ஆறுவிரல் தவளையும் ஒரு காலத்தில் அதன் காலுக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டது. 1987இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. ஏரி இருக்கும்வரை அது இருக்கும். ஆக்சலாட்டலுக்குப் பாரிசும் கென்டக்கியும் கிடைத்தன. நம் தவளைக்கு நம் ஏரிகளும் குளங்களுமே உண்டு.